கிபிரும் முன்மாதிரியும்

தமிழினத்துக்கு இஸ்ரேலே முன்மாதிரி என்று அண்மையில் ஓர் இதழ் எழுதியிருக்கிறது. பேச்சு வழக்கொழிந்த மொழி எழுந்தது, சிதறிய மக்கள் திரண்டார்கள், பாலை விளைந்தது என்பவை அது காட்டும் சான்றுகள். தஞ்சை விளாரில் ஈழப்போரில் இறந்தோரின் நினைவிடமான முள்ளிவாய்க்கால் முற்றம் நிற்கையில், இதை அயல்நாட்டு விவகாரம் என்று டெல்டாவின் வாசகர் ஒதுக்கிவிட முடியாது.

2018 ஜூலையில் இஸ்ரேல் நாடாளுமன்றம் 62க்கு 55 என்ற வாக்குகளில் தேசிய அரசுச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்நாட்டில் தேசியத் தன்னுரிமை யூதருக்கு மட்டுமே என்றது அச்சட்டம். எபிரேயத்தோடு ஆட்சிமொழியாக இருந்த அரபியைச் 'சிறப்புத் தகுதி'க்கு இறக்கியது. யூதக் குடியேற்றத்தைத் தேசிய விழுமியம் ஆக்கியது. இலங்கையில் 1956இன் தனிச் சிங்களச் சட்டத்தையும் 1972இல் பௌத்தம் பெற்ற முதன்மை இடத்தையும் கல்லோயா, மணலாறு குடியேற்றங்களையும் அறிந்தவருக்கு இதில் எந்த வரி புதிது? அந்தச் சட்டத்துக்குள் தமிழர் தம்மைத் தேடினால், அரபி பேசுகிறவரின் இடத்தில்தான் காண முடியும்.

1948ஐப் பார்த்தாலும் அப்படித்தான். ஏழு லட்சம் பாலஸ்தீனர் ஊரையும் வீட்டையும் இழந்த அந்தக் காலத்தில்தான், கொழும்பின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. தஞ்சை, திருச்சி ஜில்லாக்களிலிருந்து தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததி அவர்களில் உண்டு.

வன்னியில் பிள்ளைகள் பதுங்குகுழிக்கு ஓடியது கிபிரின் இரைச்சல் கேட்டு. 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த அந்தப் போர்விமானம் இஸ்ரேலில் செய்தது. ஈழ இயக்கமான ஈரோஸின் இளைஞர்கள் எழுபதுகளில் பயிற்சிக்குப் போனதோ லெபனானிலிருந்த பாலஸ்தீன முகாம்களுக்கு. இவ்விரண்டையும் மறைத்துவிட்டு 'ஒடுக்கப்பட்ட இரு இனங்கள்' என்று எழுதுவது வாசகருக்குச் செய்யும் துரோகம்.

இஸ்ரேலில் கற்க வேண்டியது இருக்கிறது. 1948 போரில் பங்கேற்ற எஸ். இஸ்ஹார், மறுவருடமே 'கிர்பெத் கிஸே'யை எழுதினார். அரபுக் கிராமம் ஒன்றைக் காலிசெய்யும் படைவீரனின் கலங்கிய மனம் அந்தக் குறுநாவல். அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். நூல் பள்ளிகளிலும் படிக்கப்பட்டது. வென்றவர் தரப்பிலிருந்து, ரத்தம் காயுமுன் வந்த எழுத்து என்பதால் அதை மறுபடி மறுபடி வாசிக்கத் தோன்றுகிறது. அந்தக் குரல் இன்று மெலிந்துவிட்டது. 2023இல் நீதிமன்ற அதிகாரத்தைக் குறைக்கும் மசோதாக்களுக்கு எதிராக லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தபோதும், ஆக்கிரமிப்பைப் பேசியவர்கள் ஓரத்தில் நின்ற சிறு அணியினரே.

தமிழிலும் அத்தகைய நூல் உண்டு. ஒரத்தநாட்டுப் பக்கம் முகாமிட்டிருந்த ஈழ இயக்கம் ஒன்றின் உட்கொலைகளை, அதிலிருந்து வெளியேறியவரே 1985இல் 'புதியதோர் உலகம்' நாவலாக எழுதினார். இஸ்ரேலை வியக்கிறவர்கள் இதைத் தொடுவதில்லை.

அவர்கள் கனவு காணும் அரசில் தமிழ் பேசும் முஸ்லிம்களுக்கு என்ன இடம்? 1990 அக்டோபரில் புலிகள் வடக்கிலிருந்து அவர்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் தரப்பட்ட அவகாசம் 2 மணி நேரம். முன்மாதிரி பேசும் அந்த நீண்ட கட்டுரையில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.