சோதனை அவனுக்கு, செலவு அவளுக்கு

ஆபிரகாமை விசுவாசத்தின் தகப்பன் என்கிறார்கள். யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் என மூன்று சமயத்தாரும் தங்கள் முன்னோராக மதிக்கும் மனிதன். பிறந்த ஊரையும் தகப்பன் வீட்டையும் விட்டு, கானானியர் நடுவே கூடாரம் போட்டு வாழ்ந்தும், எத்தனை சோதனை வந்தபோதும் தன் கடவுளை விட்டு விலகாதவன் என்று பிரசங்கிகள் சொல்கிறார்கள். ஞாயிறு பள்ளி நாட்களிலிருந்து நானும் இதைக் கேட்டுவருகிறேன். அந்தப் பிரசங்கங்களில் ஒருமுறைகூட எழுப்பப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது: அவனுடைய விசுவாசம் சோதிக்கப்பட்டபோதெல்லாம் அதற்கான செலவு யார் கணக்கில் எழுதப்பட்டது?

ஆதியாகமத்தை வரிசையாகவே படிப்போம். கானானுக்கு வந்த பின் பஞ்சம் வருகிறது. ஆபிரகாம் எகிப்துக்குப் போகிறான். எல்லையை நெருங்கும்போது சாராளிடம், நீ அழகானவள், உனக்காக என்னைக் கொன்றுவிடுவார்கள், அதனால் என் சகோதரி என்று சொல் என்கிறான். அவள் பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்படுகிறாள். அவனுக்கு ஆடுமாடுகள், கழுதைகள், ஒட்டகங்கள், வேலைக்காரர்கள், வேலைக்காரிகள் கிடைக்கிறார்கள். அந்த 12ஆம் அதிகாரம் முழுவதிலும் சாராள் பேசுவதாக ஒரு சொல்கூட இல்லை. உயிர் போய்விடுமோ என்ற பயம் அவனுடையது. அந்தப் பயத்துக்கு ஈடாக வைக்கப்பட்டது அவளுடைய உடல்.

ஒருமுறை செய்த தவறு என்று விட்டுவிடவும் முடியாது. 20ஆம் அதிகாரத்தில், கேரார் என்ற ஊரில், அதையே திரும்பச் செய்கிறான். ஒரு வருடத்துக்குள் சாராள் ஒரு மகனைப் பெறுவாள் என்று கடவுள் வாக்குக் கொடுத்த பிறகு நடப்பது இது. அந்த வாக்குறுதியை நம்பியிருந்தால் அவளை இன்னொருவன் வீட்டுக்குப் போக விட்டிருப்பானா? கேராரின் அரசன் அபிமெலேக்கு உண்மை தெரிந்ததும் அதிர்ந்துபோகிறான். எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று ஆபிரகாமிடம் கேட்கிறான். இந்த ஊரில் தெய்வபயம் இருக்காது என்று நினைத்தேன் என்பது ஆபிரகாமின் பதில். போகும் இடமெல்லாம் இப்படியே சொல்லும்படி மனைவியிடம் முன்பே கேட்டுக்கொண்டதையும் அவனே ஒப்புக்கொள்கிறான்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். “அந்தக் காலம் வேறு, இன்றைய அளவுகோலால் அளக்காதே” என்று நம்மை அடக்குகிறார்கள். நான் இன்றைய அளவுகோலை எடுக்கவே இல்லை. அபிமெலேக்கு அதே காலத்தவன். பார்வோனும் அதே காலத்தவன். இருவருமே இது தவறு என்று கண்டு, ஆபிரகாமின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். தெய்வபயம் இல்லாதவர்கள் என்று அவன் முடிவுகட்டியவர்களிடம் அந்தப் பயம் இருந்தது. காலத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பிக்க ஆதியாகமமே இடம் கொடுக்கவில்லை.

இனி கானான் தேசத்து மக்கள். பிரசங்கங்களில் அவர்கள் விசுவாசிக்கு ஆபத்தானவர்கள். ஆதியாகமத்திலோ, லோத்துவை மீட்கப் போனபோது ஆபிரகாமோடு சேர்ந்து போனவர்கள் மம்ரே, எஸ்கோல், ஆநேர் என்ற எமோரியர். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து அவனை ஆசீர்வதித்தவன் சாலேமின் அரசன் மெல்கிசேதேக்கு. சாராள் இறந்தபோது, எங்கள் கல்லறைகளில் நல்லதை எடுத்துக்கொள் என்று முன்வந்தவர்கள் ஏத்தியர். அவன் கற்பனை செய்த கொலைகாரன் ஒருவன்கூடக் கதையில் வரவே இல்லை. சாராளுக்கு ஆபத்து அவள் குடியிருந்த கூடாரத்துக்குள்ளேயே இருந்தது.

சாராள் முதன்முதலாகப் பேசுவது 16ஆம் அதிகாரத்தில். எனக்குப் பிள்ளையில்லை, என் அடிமைப்பெண்ணோடு சேர், அவளால் எனக்கு வீடு கட்டப்படட்டும் என்கிறாள். தன் உடலை மற்றவர் பேரம் பேசப் பார்த்திருந்தவள், வாய் திறந்ததும் இன்னொருத்தியின் உடலைப் பேரத்துக்கு வைக்கிறாள். ஆகார் எகிப்தியப் பெண். பார்வோனிடமிருந்து வந்த வேலைக்காரிகளில் ஒருத்தியாக இருக்கலாம் என்று கருதுவோர் உண்டு. ஆணாதிக்கம் தனக்கு அடுத்த படியில் நிற்கும் பெண்ணையே தன் கருவியாக்கிக்கொள்ளும் விதம் இது. சாராளுக்காகப் பேசும் நாம் சாராள் செய்த கொடுமையை மறைத்தால் நம் வாதத்துக்கு நேர்மை இருக்காது. ஆபிரகாமோ சாராளோ ஆகாரின் பெயரை ஒருமுறையாவது சொல்வதாக எழுதப்படவில்லை. அவர்களுக்கு அவள் வெறும் அடிமைப்பெண். ஓடிப்போன அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது வனாந்தரத்தில் வந்த தூதன்தான். அந்தத் தூதனும் எஜமானியிடமே திரும்பிப் போகச் சொல்கிறான் என்பது இன்னும் ஆறாத காயம். ஆனாலும் அங்கே கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள் ஆகார். விவிலியத்தில் கடவுளுக்குப் பெயர் சூட்டும் முதல் மனிதப்பிறவி அவள்தான், இந்த அடிமைப்பெண்.

ஆபிரகாமின் கையிலிருந்த பணத்தையும் பார்த்துவிடலாம். வெள்ளியும் பொன்னும் மந்தைகளும் நிறைந்த செல்வன் அவன். கேராரில் சாராளின் மானத்துக்கு ஈடாக அபிமெலேக்கு ஆயிரம் வெள்ளிக்காசு கொடுத்தான். அவளைப் புதைக்க மக்பேலா குகையை வாங்கியபோது ஆபிரகாம் 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்தான். தன் மகனைப் பெற்ற ஆகாரை வெளியே அனுப்பியபோது அவள் தோளில் வைத்தது கொஞ்சம் அப்பமும் ஒரு துருத்தித் தண்ணீரும். தண்ணீர் தீர்ந்தது. பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் அவள் தூரத்தில் போய் உட்கார்ந்து அழுதாள்.

பிறகு மோரியா மலை. பிரசங்கங்களின் உச்சம் அது. சோதோம் ஊருக்காக ஐம்பது பேரில் தொடங்கிப் பத்துப் பேர்வரை கடவுளிடம் வாதாடியவன், தன் மகனுக்காக ஒரு வார்த்தை வாதாடவில்லை. பெற்றவளிடம் கேட்கவுமில்லை, சொல்லவுமில்லை. மலையிலிருந்து இறங்கியவன் பெயெர்செபாவுக்குப் போனான். அடுத்த அதிகாரத்தில் சாராள் எபிரோனில் இறந்துகிடக்கிறாள். அவன் வந்து அழுகிறான். இரண்டையும் சேர்த்துப் படித்து, மகனுக்கு நேர்ந்ததைக் கேட்டே அவள் உயிர் போனது என்று பழைய யூத மரபுக் கதைகள் சொல்கின்றன. எகிப்தில் ஆபிரகாம் செய்தது பெரும் பாவம் என்றும், ஆகாரை வருத்தியதில் சாராளும் அதை அனுமதித்த ஆபிரகாமும் பாவம் செய்தார்கள் என்றும் எழுதியவர் 13ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் நாக்மனிடிஸ். ஆகவே பெண்ணியவாதிகள் நேற்று கிளப்பிவிட்ட குற்றச்சாட்டு இது என்று யாரும் தள்ளிவிட முடியாது. ஃபிலிஸ் ட்ரிபிள் 1984இலும் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இலும் ஆகாரைப் பற்றி எழுதியபோது, வெகுகாலமாக மூடிவைத்திருந்த கதவைத்தான் அகலத் திறந்தார்கள்.

நம் பிரசங்க மேடைகள் இதிலிருந்து எதை எடுத்துக்கொண்டன? பேதுருவின் முதலாம் நிருபம், சாராள் ஆபிரகாமை ஆண்டவன் என்று அழைத்துக் கீழ்ப்படிந்தாள் என்று மனைவிகளுக்கு எடுத்துக்காட்டுகிறது. ஆதியாகமத்தில் அவள் அந்தச் சொல்லைச் சொல்வது ஒரே இடத்தில். கிழவியான எனக்கா, கிழவரான அவருக்கா பிள்ளை என்று கூடாரத்துக்குள் தனக்குள்ளே சிரித்தபோது. ஒரு பெண்ணின் கேலிச் சிரிப்பிலிருந்து ஒற்றைச் சொல்லைப் பிய்த்தெடுத்துக் கீழ்ப்படிதலுக்குச் சான்றாக்கிவிட்டார்கள். அடிபட்டுத் தாய்வீடு வந்தவளைத் திருப்பி அனுப்புவதற்கும் இந்த வசனம் பயன்படுகிறது என்பதால்தான் இவ்வளவு கோபமாக எழுதுகிறேன்.

முஸ்லிம் பெண்களிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஹஜ்ஜில் ஸஃபா, மர்வா குன்றுகளுக்கிடையே ஆணும் பெண்ணும் ஏழுமுறை நடப்பது, தாகத்தில் தவித்த பிள்ளைக்காக ஹாஜரா ஓடிய ஓட்டத்தின் நினைவாக. தண்ணீர் தேடிய ஒரு தாயின் தவிப்பு அங்கே வழிபாடாக இருக்கிறது. நம் ஆலயங்களில் ஆகாருக்கு என்ன இடம் இருக்கிறது?

விசுவாசத்தை விட்டுவிடச் சொல்லி நான் இதை எழுதவில்லை. ஆகாரும் விசுவாசிதான், மனைவி, அடிமை, பிள்ளை என்று யாரையும் பணயம் வைக்காமல் கடவுளைக் கண்டவள். ஆபிரகாமின் சோதனையைப் பற்றி அடுத்த முறை பிரசங்கம் செய்கிறவர்கள் 20ஆம் அதிகாரத்தையும் சத்தமாக வாசிக்கட்டும். வாசிக்காவிட்டால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நாம் எழுந்து கேட்போம்: அந்தத் துருத்தியில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, ஐயா?