நீள்முடிப் பூனையும் சீப்பின் கடனும்

பாரசீகப் பூனையை வங்காளியர் ‘காபுலி பிடால்’, அதாவது காபுல் பூனை, என்றும் அழைப்பர். இப்பெயருக்கு வரலாற்றுச் சான்று உண்டு. காபுல் அரசைப் பற்றி 1815இல் நூல் வெளியிட்ட மவுண்ட்ஸ்டூவர்ட் எல்ஃபின்ஸ்டன், இந்நீள்முடிப் பூனைகள் ஆப்கானிய நிலத்திலிருந்தே பெருமளவில் ஏற்றுமதியாயின என்றும், பாரசீகத்தில் அவை மிகுதியாக இல்லை என்றும் எழுதுகிறார். பெயர் எதுவாயினும், அப்பூனை இன்று வாழ்வது கொல்கத்தாவின் புழுக்கத்தில். அதன் முடியைப் பேணுவது அழகுக்கலையாகவே பேசப்படுகிறது. உண்மையில் அது மனிதர் பட்ட கடன்.

காரணம் எளிது. முடியைக் குறிப்பிட்ட நீளத்தில் நிறுத்தும் எஃப்.ஜி.எஃப்.5 என்னும் மரபணு செயலிழப்பதாலேயே பூனைக்கு நீள்முடி அமைகிறது. இம்மாற்றம் பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும். அதைத் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து இன்றைய அடர்த்திக்குக் கொணர்ந்தவர் மனிதரே. பூனையின் நாக்கு குறுமுடியைச் சீராக்கப் போதும். இந்த முடிக்குப் போதாது.

வெப்பமும் சேரும்போது சிக்கல் முற்றுகிறது. பூனைக்குக் கணிசமாக வியர்ப்பது உள்ளங்கால்களில்தான். உடலை நக்கி, எச்சில் ஆவியாவதால் அது குளிர்ச்சி பெறுகிறது. மே, ஜூன் மாதங்களின் ஈரக்காற்றில் அவ்வாவியாதல் தளர்கிறது. காதின் பின்புறம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் முடி சிக்குண்டு தோலை இழுக்கிறது. அடியில் ஈரம் தங்கிப் புண்ணாகிறது. பாரசீக இனத்தில் அடிக்கடி காணப்படும் படர்தாமரை வீட்டாருக்கும் தொற்றும். சிக்கைக் கத்தரிக்கோலால் வெட்டுவோர் மெல்லிய தோலையும் சேர்த்தே வெட்டிவிடுகின்றனர். நாள்தோறும் அகன்ற பல் சீப்பால் பொறுமையாகச் சீவுவதே தடுப்பு. முற்றிய சிக்கைக் கால்நடை மருத்துவரிடம் விடுவதே முறை.

குளிரூட்டி இருக்கிறதே என்பர் சிலர். குளிரூட்டி வெப்பத்தைத் தணிக்குமேயன்றிச் சிக்கை அவிழ்க்காது. ஆகவே பூனையை வாங்குமுன் கேட்க வேண்டியது அதன் விலையை அன்று. நாள்தோறும் சீவும் அந்நேரம் வீட்டில் எவருடையது என்பதை.

இக்கேள்வியை விற்பவர் கேட்பதில்லை. சட்டமும் போதிய அளவு கேட்பதில்லை. 2017ஆம் ஆண்டின் இனப்பெருக்க விதிகள் நாய்களுக்கு மட்டுமே உரியவை. 2018ஆம் ஆண்டின் விதிகள் வளர்ப்பு விலங்குக் கடைகளை ஒழுங்குபடுத்துகின்றன. வாங்கியவர் வீட்டில் நிகழும் புறக்கணிப்பு அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டினது. அதில் முதற்குற்றத்திற்கு விதிக்கப்பட்ட தண்டம் பத்து முதல் ஐம்பது ரூபாய். வடகொல்கத்தாவின் கலீஃப் தெருவில் ஞாயிறுதோறும் கூடும் வளர்ப்புயிர்ச் சந்தைக்குச் செல்பவரை இத்தொகை தயங்கச் செய்யாது.

வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே வாகனம். அவ்வழிபாடு முடியின் நீளத்தைக் கேட்பதில்லை. இந்நகரின் தெருக்களில் பிறக்கும் குறுமுடிக் குட்டிகள் இக்காற்றுக்குப் பழகியவை. விலையின்றி இல்லம் தேடுபவை. புதிதாகப் பூனை வளர்க்க விழைவோர் அவற்றை நாடலாம். காபுலி பிடாலை ஏற்கெனவே வளர்ப்போருக்கோ அத்தெரிவு முடிந்துவிட்டது. அவர்களுக்கு எஞ்சியிருப்பது சீப்பு ஒன்றே.