பழுதுபார்த்தாலும் சுடாத துப்பாக்கி

மலிவான பழைய போல்ட் ஆக்‌ஷன் துப்பாக்கிகளை வாங்கித் துரு நீக்கி, கட்டைக்கு எண்ணெய் பூசி மகிழும் அமெரிக்கர்களிடம் ஓர் இந்தியத் துப்பாக்கியும் உண்டு: மேற்கு வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை தந்த .410 மஸ்கட். லீ என்ஃபீல்டு ரைஃபிளின் உடல், வரியற்ற குழல். தோட்டாப் பெட்டியின் இடத்தில் ஒரு மரத்துண்டு. ஒரு முறைக்கு ஒரே தோட்டா. காவலரை முழுதும் நம்பாத ஆட்சியின் கணக்கு அந்த மரத்துண்டில் தெரிகிறது.

சித்தூரிலோ திருப்பதியிலோ இந்தப் பொழுதுபோக்கு எளிதன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே உரிமம் வேண்டும். 45ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்களிக்கிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் அது சுட இயலாததாக இருக்க வேண்டும். சீராக்கக்கூடியது எதுவும் பழம்பொருளாகாது என்பதே இதன் பொருள். செம்மரக் கடத்தலால் அலைக்கழியும் சேஷாசல மலையடிவாரத்தில் இக்கடுமை நியாயமானதே.

எனினும் அதே சொற்றொடர் ஒரு வழியையும் விட்டுவைத்துள்ளது. காவல்துறை கழிக்கும் மஸ்கட்டுகளில் சிலவற்றை உருக்காமல், குழலை நிரந்தரமாக அடைத்துச் சந்திரகிரி ராஜமஹாலில் உள்ள தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு வழங்கலாம். சுடுதிறன் போனாலும் போல்ட்டின் வழுக்கும் ஓசை போவதில்லை. ஆர்வலர் தேடுவதில் பாதி அதுதான். வெடித்துப்போன கட்டைகளைச் செப்பனிட ஸ்ரீகாளஹஸ்தி அருகே மாதவமாலாவின் மரச்சிற்பிகள் இருக்கிறார்கள். வேண்டியது உரிய ஓர் ஆணை மட்டுமே.