குறுஞ்செய்திக்கு வேலி உண்டு, வாட்ஸ்அப்புக்கு?

பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் பெறும் விவசாயிகளைக் குறிவைத்து, 'தவணை நின்றுவிடும், இந்தச் செயலியை உடனே இறக்குங்கள்' என்று போலிச் செய்திகள் உலவுகின்றன. இறக்கியவரின் கைபேசிக்கு வரும் வங்கி ரகசிய எண்ணும் மோசடிக்காரர் கைக்குப் போய்விடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் வகுத்த விதிகளின்படி, வணிகக் குறுஞ்செய்தி அனுப்புவோர் தம் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் முன்னரே பதிவு செய்தல் வேண்டும். 2025-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அனுப்புநர் பெயரின் முடிவில் ஓர் எழுத்தும் சேர்கிறது. அரசுச் செய்தியென்றால் 'ஜி', விளம்பரமென்றால் 'பி'. பத்து இலக்கச் சாதாரண எண்ணிலிருந்து அரசின் பெயரில் செய்தி வந்தால் நம்ப வேண்டியதில்லை.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவை ஆங்கில எழுத்துகள். நாற்றங்காலில் நிற்கும் பெரியவருக்கு அதன் பொருளை யார் சொல்லியிருக்கிறார்கள்? வேளாண்மை விரிவாக்க மையங்களில் உர விலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இதையும் தமிழில் எழுதி ஒட்டலாம். செலவு ஒரு தாள்தான்.

பெரிய ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. இவ்விதிகள் வாட்ஸ்அப்பைக் கட்டுப்படுத்துவதில்லை. போலிச் செயலிகளோ அவ்வழியே வருகின்றன. முறையாகப் பதிவு செய்யும் விதைக் கடைக்காரருக்கு வேலி, மோசடிக்காரருக்குத் திறந்த மடை என்பது என்ன நியாயம்? வாட்ஸ்அப் வழி வணிகச் செய்திகளையும் மத்திய அரசு பதிவு முறைக்குள் கொண்டுவருதல் வேண்டும்.

அதுவரை, தொல்லை தரும் விளம்பரக் குறுஞ்செய்தி பற்றி 1909 எண்ணில் புகார் செய்யலாம். பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைக்காமல், அந்த நிமிடமே 1930 எண்ணுக்குப் பேசிவிட வேண்டும்.