கோளாறைக் கண்டுபிடிக்கவும் கூலி உண்டு

முடிச்சூர் சாலையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. கிராபிக்ஸ் கார்டுக்கு 30,000 ரூபாய் எடுத்து வைக்கத் தயங்காத மனிதர், கோளாறு எங்கே என்று உட்கார்ந்து பார்த்துச் சொன்னதற்கு 500 ரூபாய் கேட்டால், "பார்த்ததுக்கு எதுக்குண்ணே காசு? எதையும் மாத்தலையே" என்கிறார். பொருளுக்கு விலை உண்டு, கண்டுபிடிப்பதற்கு இல்லை என்றொரு கணக்கு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அந்தக் கணக்கில் கடைசியில் நஷ்டப்படுவது கடைக்காரர் இல்லை.

வரதராஜபுரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் அம்மாவோடு கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். படிப்பு, சினிமா, பாட்டு எதற்கும் தொந்தரவில்லை. ஜிடிஏ ஃபைவ் கேம் போட்டால் மட்டும் கொஞ்ச நேரத்தில் படம் அப்படியே நின்றுவிடும்; ஸ்பீக்கரில் கடைசியாக வந்த சத்தம் 'ட்ர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுக்கும்; பவர் பட்டனை அழுத்திப் பிடித்துத்தான் அணைக்க வேண்டும். வேறொரு கடையில் இரண்டு முறை பார்மட் போட்டு, ராம் மாற்றி, முடிவில் "போர்டு போச்சு" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: "போர்டு என்ன விலை வரும் சார்?"

நான் பையனைக் கேட்டேன்: "எந்த நேரத்துல நிக்குது தம்பி?"

"நைட்லதாண்ணா. மத்தியானம் ஆடினா ஒண்ணும் ஆகல."

பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. சூடு காரணமென்றால் மத்தியான வெயிலில் அல்லவா நிற்க வேண்டும்? போர்டு போயிருந்தால் அது பகல், இரவு பார்க்குமா?

'ஹேங்க் ஆகிறது' என்று எல்லாரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். துருவிக் கேட்டால் வேறு வேறு கதை வரும். படம் கருத்துப்போய்ச் சத்தம் மட்டும் ஓடினால் கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர் பக்கம் போக வேண்டும். பட்டென்று அணைந்து தானே மறுபடி ஆன் ஆனால் மின்சாரத்தையும், அதை மெஷினுக்கு ஏற்ப மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் முதலில் பார்க்க வேண்டும். படமும் சத்தமும் சேர்ந்து நின்றால்தான் தலைவலி. ராம், பிராசஸர், போர்டு, மின்சாரம் எல்லாமே சந்தேகத்துக்குரியவை. விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்புக் குறியோடு ஒரு வரியைப் பார்த்தவுடன் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்பவர்கள் உண்டு. மெஷின் முறையாக அணையாமல் மறுபடி தொடங்கியது என்பதற்கு மேல் அந்த வரிக்குப் பொருள் கிடையாது. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அது விழும்.

அன்று இரவு 8 மணிக்கு அவர்கள் வீட்டுக்கே போனேன். தெருவின் கடைசி வீடு, டிரான்ஸ்பார்மர் மறு கோடியில். வீட்டுக்கு வீடு ஏசி ஓடும் நேரம். பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 187 வோல்ட். 230 இருக்க வேண்டும். 6 சதவீதம் ஏறலாம், இறங்கலாம், அதாவது 216க்குக் கீழே போகக் கூடாது. நல்ல எஸ்எம்பிஎஸ் 100 முதல் 240 வோல்ட் வரை எது வந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இவர்களுடையது பின்பக்கம் 115/230 என்று சிவப்பு சுவிட்ச் வைத்த பழைய வகை. மேலே 450 வாட் என்று ஸ்டிக்கர். கையில் தூக்கினால் வெயிட்டே இல்லை. மஞ்சள் வயரிலும் கறுப்பு வயரிலும் மீட்டரைப் பிடித்துக்கொண்டு பையனை ஆடச் சொன்னேன். சும்மா இருந்தபோது 11.9. கேம் லோடானதும் 11.5. கார் ஊருக்குள் பறக்க ஆரம்பித்ததும் 11.1; படம் நின்றது. 12 வோல்ட் லைனில் 11.4க்குக் கீழே இறங்கக் கூடாது. போர்டு நன்றாகவே இருந்தது. கழற்றிப் போட்ட பழைய ராமும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றியதும் சரியாகிவிட்டது. அதைவிட எனக்குக் கவலை தந்தது, கேபினட்டைத் தொட்டபோது விரலில் சுருக்கென்றதுதான். எர்த் இல்லாத வீட்டில் எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கேபினட் தகட்டில் ஏறத்தாழ பாதி வோல்டேஜ் வந்து நிற்கும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள் அம்மா, கேம் அப்புறம் என்றேன்.

எல்லாக் கேஸுக்கும் மின்சாரம் காரணம் இல்லை. வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் லாரிப் புழுதி இந்தப் பக்கத்து வீடுகளில் ஹீட்சிங்க் இடுக்குகளில் கம்பளித் துணி மாதிரி படிந்துவிடும். அதன் மேல், கதவு வைத்த கம்ப்யூட்டர் டேபிளுக்குள் கேபினட்டைப் பூட்டி வைப்பார்கள். பிராசஸரின் சூடு அறைச் சூட்டின் மேல்தான் ஏறும். 25 டிகிரி ஏசி அறையில் 75ல் நிற்பது, 38 டிகிரி அறையில் 88ஐத் தொடும். புளோயர் அடித்து, பேஸ்ட் மாற்றினால் தீர்கிற விஷயம் அது. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது தண்ணீரில் கிடந்த மெஷின்களை வெயிலில் காயவைத்து ஓட்டினார்கள். மாதக்கணக்கில் ஓடிய பிறகு அவை கண்ட நேரத்தில் நிற்கத் தொடங்கின. ஸ்லாட்டுக்குள் பச்சை பூத்திருந்தது. அப்படிப்பட்டவற்றுக்கு 'போர்டு போச்சு' என்று நானும் சொல்லியிருக்கிறேன், கழற்றிப் பார்த்துவிட்டு.

இப்படித் தப்பான பாகத்தைச் சந்தேகப்படுவது முடிச்சூர் சமாச்சாரம் மட்டும் இல்லை. இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்களில் கேம்கள் பாதியில் விழுந்தபோது திரையில் வந்த செய்தி, கிராபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்பது. உலகெங்கும் பலர் அதை நம்பிக் கார்டையும் டிரைவரையும் சந்தேகப்பட்டார்கள். பழுது பிராசஸரில் இருந்தது. அது தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னையே கெடுத்துக்கொண்டது. 2024 ஜூலையில் இன்டெல் இதை ஒப்புக்கொண்டது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டியது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. ஏற்கெனவே கெட்டுப்போன பிராசஸரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. திரை சொல்வதை அப்படியே நம்பிப் பாகம் வாங்கியவர்களுக்குப் பணம்தான் போனது.

நான் மற்றக் கடைக்காரர்களைத் திட்டவில்லை. பார்மட் போட்டால் 500 ரூபாய் வருகிறது. ராம் மாற்றினால் அதில் ஒரு லாபம் நிற்கிறது. ராம்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அவற்றைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ராத்திரி முழுக்க ஓட்டவிட்டு, காலையில் "ராம் நல்லா இருக்கு" என்று சொன்னால் ஒரு பைசா வராது. எதற்குக் காசு கிடைக்கிறதோ அதைத்தான் கடை செய்யும். வாடகை, கரன்ட் பில் எல்லாருக்கும் உண்டு.

வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. நல்ல காரியம். செல்போனைப் பசை போட்டு ஒட்டி, லேப்டாப்பில் ராமைப் போர்டோடு பற்றவைத்துவிடுகிற காலத்தில் அது தேவை. ஆனால் டெஸ்க்டாப்புக்கு அந்த உரிமை எப்போதும் இருந்திருக்கிறது. ஒரு ஸ்குரூ டிரைவர் போதும், பாகம் பாகமாகக் கழற்றலாம், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒற்றை ஃபேன்கூடக் கிடைக்கும். இத்தனை இருந்தும் நல்ல போர்டுகளைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

அதனால் உங்கள் மெஷின் நின்றால், எந்தக் கேம், எந்த நேரம், சத்தம் ஓடுகிறதா, அதற்கு முன் எதை மாற்றினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். பார்க்கும் கூலி எவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். எதை அளந்தார், என்ன வந்தது என்று பில்லில் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். ஏதாவது மாற்றினால், பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள்.