கையொப்பம் விழும் வரை!

சட்டம் நிறைவேறிவிட்டது என்று செய்தி வருகிறது. கைதட்டுகிறோம். மறுநாள் காலை அவரவர் வேலைக்குப் போய்விடுகிறோம். சட்டமோ ஏட்டிலேயே உறங்குகிறது! விதிமுறை எழுதப்படவில்லை; எழுதப்பட்டாலும் கையொப்பம் விழவில்லை; கையொப்பம் விழுந்தாலும் கீழ்ப்படியிலுள்ள அலுவலகத்துக்கு அது எட்டவில்லை. கூலிக்கும் வேலை நேரத்துக்கும் போராடிப் பழகிய தொழிலாளத் தோழர்களுக்கு இந்தக் கதை புதிதன்று.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் இடையே கிடக்கும் இந்தப் பள்ளத்தைத் தம் வாழ்நாளெல்லாம் தூர்த்த ஒரு பெண்மணியை இன்று நினைவுகூர விரும்புகிறோம். பெயர் ஜூடித் ஹியூமன். அமெரிக்க நாட்டவர். 2023-ஆம் ஆண்டு மார்ச் 4-ஆம் நாள், தம் 75-ஆம் வயதிலே வாஷிங்டனில் மறைந்தார். குழந்தைப் பருவம் தொட்டுச் சக்கர நாற்காலியிலே வாழ்ந்தவர். ஆனால் இரக்கத்தை அவர் கேட்கவில்லை. கேட்டது உரிமை!

பள்ளிக் கதவு

1947 டிசம்பரில் பிறந்தவர் அம்மையார். தந்தை இறைச்சிக் கடை வைத்திருந்தவர். தாய், தந்தை இருவருமே ஜெர்மனியில் பிறந்த யூதர்கள். இட்லரின் கொடுமைக்குத் தப்பச் சிறுவயதில் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டவர்கள். அவர்களைப் பெற்றவர்களோ அந்தக் கொடுமைக்கே இரையானார்கள்.

ஒன்றரை வயதில் ஜூடித்தை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. குழந்தையை விடுதி ஒன்றிலே சேர்த்துவிடுங்கள் என்று மருத்துவர் யோசனை சொன்னார். பெற்றோர் மறுத்தனர். ஊனமுற்றோரை வாழத் தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கி, விடுதிகளிலிருந்தே கொலைக்களத்துக்கு அனுப்பியது நாஜி ஆட்சி. அந்த மண்ணிலிருந்து வந்தவர்கள் பெற்ற பிள்ளையை விடுதிக்கு அனுப்புவார்களா?

ஐந்து வயதிலே பள்ளிக்கு அழைத்துச் சென்றார் தாய். தலைமை ஆசிரியர் சேர்த்துக்கொள்ளவில்லை. காரணம் என்ன தெரியுமா? தீப்பிடித்தால் இந்தச் சக்கர நாற்காலி பிறருக்கு இடையூறாம்! பிள்ளை படித்தாக வேண்டும் என்ற கவலை இல்லை. தீ வரும் என்ற கவலை மட்டும் இருந்தது. வாரத்துக்குச் சில மணி நேரம் வீட்டுக்கு வந்து ஓர் ஆசிரியை சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. ஒன்பதாம் வயதில்தான் பள்ளிக்குள் நுழைந்தார். அதுவும் தனி வகுப்பிலே.

இது ஒரு குழந்தையின் கதை மட்டுமன்று. 1970-இல் அமெரிக்கப் பள்ளிகளில் கல்வி பெற்றோர், ஊனமுற்ற பிள்ளைகளில் ஐவருக்கு ஒருவரே என்று அந்நாட்டு அரசின் ஏடுகளே சொல்கின்றன. நிலவுக்கு மனிதனை அனுப்பிய நாடு, நடக்க முடியாத பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வழி காணவில்லை!

படித்துத் தேறிய ஜூடித் ஆசிரியை வேலை கேட்டார். எழுத்துத் தேர்விலே வெற்றி. வாய்மொழித் தேர்விலும் வெற்றி. மருத்துவச் சோதனையிலே தோல்வி என்றது நியூயார்க் கல்வி வாரியம். நோயா இருந்தது? இல்லை, நடக்க முடியவில்லை, அவ்வளவே. அதே இளம்பிள்ளை வாதத்தால் கால் முடங்கியவர் என்று அறியப்பட்ட ரூஸ்வெல்ட்டை நான்கு முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்த நாடு அது! 1970-இல் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு வந்து சேர்ந்தது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லியின் மன்றத்துக்கு. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் நீதிபதியான முதல் கறுப்பினப் பெண்மணி அவர். மறுபரிசீலனை செய்யுங்கள் என்றார் நீதிபதி. வாரியம் இறங்கி வந்தது.

ஒரு வாக்கியமும் நான்கு ஆண்டும்

1973-இல் அமெரிக்காவிலே மறுவாழ்வுச் சட்டம் வந்தது. நிக்சன் இருமுறை தடுத்துத் திருப்பி அனுப்பிய பிறகு வந்த சட்டம். அதன் 504-ஆம் பிரிவு சொல்வது இதுதான்: மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தைக் காரணம் காட்டி எவரையும் ஒதுக்கலாகாது. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, போக்குவரத்து — எங்கெங்கே அரசின் காசு பாய்கிறதோ அங்கெல்லாம் இந்த விதியும் பாயும். கறுப்பின மக்கள் போராடிப் பெற்ற 1964-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வார்ப்பிலே எடுத்த வாக்கியம் அது.

ஆனால், எது ஒதுக்குதல்? யார் படியைச் சாய்தளமாக்குவது? எத்தனை நாளுக்குள்? இவற்றைச் சொல்லும் விதிமுறைகளில் கையொப்பமிட வேண்டியவர், சுகாதாரம், கல்வி, நலத்துறையின் செயலாளர். நிக்சன் போனார்; ஃபோர்டு வந்தார்; அவரும் போனார். கையொப்பம் விழவில்லை. பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் செலவு, செலவு என்று முணுமுணுத்தன. 1976 தேர்தலில் வாக்குறுதி தந்தார் கார்ட்டர். பதவிக்கு வந்ததும் அவருடைய செயலாளர் கலிஃபானோ, இன்னும் ஆராய வேண்டும் என்றார். ஆராய்ச்சி எதற்கு? தனித்தனியாக வைத்துச் சமமாக நடத்தலாமே என்ற பழைய பல்லவியைப் புது ராகத்தில் பாடத்தான்!

1977 ஏப்ரல் 5-ஆம் நாள் பொறுமை முடிந்தது. பல நகரங்களிலே அந்தத் துறையின் அலுவலகங்களுக்குள் ஊனமுற்றோர் நுழைந்து அமர்ந்தனர். வாஷிங்டனில் உணவு மறுக்கப்பட்டது. ஏறத்தாழ ஒரு நாளில் அங்கே முற்றுகை முடிந்தது. சான்பிரான்சிஸ்கோவிலே முடியவில்லை! ஜூடித் ஹியூமனும் கிட்டி கோன் என்ற அம்மையாரும் முன்னின்று நடத்த, நூற்றுக்கும் மேற்பட்டோர் ஏறத்தாழ நான்கு வாரம் அந்தக் கட்டடத்தை விட்டு நகரவில்லை.

எண்ணிப் பாருங்கள். பிறர் உதவியின்றிப் புரண்டு படுக்க இயலாதவர்கள் அங்கே தரையிலே படுத்தார்கள். அன்றாடம் மருந்து வேண்டியவர்கள் மருந்து வருமா என்று தெரியாமல் இருந்தார்கள். தொலைபேசியைத் துண்டித்தது அதிகாரம். காது கேளாத தோழர்கள் சன்னலருகே நின்று கையசைவு மொழியால் வெளியே செய்தி சொன்னார்கள்! பேச்சற்றவர்கள் என்று உலகம் ஒதுக்கியவர்களே அன்று போராட்டத்தின் குரலாயினர்.

சோறு போட்டவர் யார்?

தொழிலாளத் தோழர்கள் ஆழ்ந்து நோக்க வேண்டிய இடம் இதுதான். நான்கு வாரம் அத்தனை பேருக்கும் உணவு எங்கிருந்து வந்தது? கருஞ்சிறுத்தைகள் கட்சி, அடுப்பை விட்டிறக்கிய சூட்டோடு நாள்தோறும் கொண்டுவந்து கொடுத்தது. அந்தக் கட்சியைச் சேர்ந்த பிராட் லோமாக்ஸ் சக்கர நாற்காலியிலே முற்றுகைக்குள் இருந்தார். மாதா கோயில் துணை நின்றது. நகர மேயர் மாஸ்கோனி மெத்தைகள் அனுப்பினார்.

போராட்டக்காரர் சிலர் வாஷிங்டனுக்குப் புறப்பட்டனர். அந்தத் தலைநகரில் சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்து இல்லை. என்ன செய்வது? இயந்திரத் தொழிலாளர் சங்கம் ஒரு சரக்கு லாரியை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தது. லாரியின் இருட்டறைக்குள்ளே நாற்காலியோடு ஏறி, செயலாளரின் வீட்டு வாசலுக்குப் போய் விடியுமுன்னே நின்றார்கள். பட்டறையிலே இரும்பைத் தொட்டுப் பழகிய கைகளுக்குத் தெரியும், இன்று முழு உடலோடு உள்ளே போகிறவன் நாளை எப்படி வெளியே வருவான் என்று!

காங்கிரஸ் உறுப்பினர் முன்னே ஜூடித் சாட்சியம் சொன்னார். அரசின் அதிகாரி, புரிந்தவர்போலத் தலையாட்டிக்கொண்டிருந்தார். குரல் தழுதழுக்க, புரியாத ஒன்றுக்குத் தலையாட்ட வேண்டாம் என்று நேருக்கு நேர் சொன்னார் அம்மையார். இரக்கத் தலையாட்டலுக்கு அவர் தந்த மறுமொழி அது.

ஏப்ரல் 28. கையொப்பம் விழுந்தது! ஓர் எழுத்தும் குறையாமல் விழுந்தது. 1990 ஜூலை 26-இல் வந்த பெரிய அமெரிக்க ஊனமுற்றோர் சட்டத்துக்கும் இந்த வெற்றியே அடிக்கல்.

நாற்காலி மாறியது, நோக்கம் மாறவில்லை

முற்றுகையிட்டவரே பின்னர் அரசுப் பணிக்கு அழைக்கப்பட்டார். 1993 முதல் 2001 வரை, கிளின்டன் ஆட்சியில் ஊனமுற்றோர் கல்வி, மறுவாழ்வு ஆகியவற்றுக்கான பொறுப்பு அவரிடம் இருந்தது. எந்தப் பிள்ளையைப் பள்ளி வாசலிலே திருப்பி அனுப்பினார்களோ, அந்தப் பிள்ளை நாட்டின் பள்ளிகளுக்கு விதி சொல்லும் இடத்திலே அமர்ந்தது! 2002 முதல் 2006 வரை உலக வங்கியில் ஆலோசகர். 2010 முதல் 2017 வரை அயலுறவுத் துறையில் சிறப்பு ஆலோசகர். பதவி பலரை வாயடைக்கும். இவரோ வெளியே நின்று கேட்டதையே உள்ளே அமர்ந்தும் கேட்டார்.

எல்லாம் வெற்றியா? இல்லை. 2006-இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கை 2012 டிசம்பர் 4-இல் அமெரிக்க மேலவைக்கு வந்தது. ஆதரவு 61, எதிர்ப்பு 38. மூன்றில் இரு பங்குக்கு ஐந்து வாக்குக் குறைவு, தோற்றது. உலகுக்கு உரிமை போதிக்கும் நாடு அந்த உடன்படிக்கையை ஏற்க மறுத்தது!

2025 மார்ச் 20-இல், அம்மையார் பணியாற்றிய அந்தக் கல்வித் துறையையே மூட நடவடிக்கை எடுக்குமாறு டிரம்ப் ஆணையிட்டார். முழுமையாக மூடக் காங்கிரசின் சட்டம் வேண்டும். ஆனால் ஆட்குறைப்புக்கு முன்பே வழி வகுத்துவிட்டார்கள். கையொப்பம் தந்ததை இன்னொரு கையொப்பம் கரைக்கும் என்பதை மறக்கலாகாது. பெற்ற உரிமைக்குக் காவல் வேண்டும்.

நமக்கென்ன என்பார்க்கு

அதே உடன்படிக்கையை இந்தியா 2007 அக்டோபர் முதல் நாளில் ஏற்றது. அதன் வழியிலே வந்தது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். 21 வகை ஊனங்களை அது ஏற்றுக்கொள்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காட்டுக்குக் குறையாத இடஒதுக்கீடு என்கிறது. தொழிலாளர் மனத்தில் பதிக்க வேண்டிய பிரிவு 20: பணியிலிருக்கும்போது ஊனமுற்ற ஊழியரை அரசு நிறுவனம் வேலையை விட்டு நீக்கலாகாது, பதவியிறக்கவும் கூடாது. பழைய வேலை இயலாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். பேருந்து ஓட்டிக் கண் மங்கிய ஓட்டுநருக்கு இது சோறு! ஆனால் அரசு நிறுவனத்தின் எல்லையோடு அந்தக் காப்பு நின்றுவிடுகிறது. தனியார் ஆலையிலே விரலிழந்தவன் யாரிடம் போவான்?

சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலிலே இதனைச் சேர்க்க வேண்டும் என்கிறோம். பிரிவு 20-ஐ ஒவ்வொரு பணிமனைப் பலகையிலும் எழுதி ஒட்ட வேண்டும் என்கிறோம். மன்றத்துக்கும் படிப்பகத்துக்கும் இடம் பார்க்கும்போது, மாடிப்படியைக் கணக்கில் எடுங்கள் என்கிறோம். தூக்கிவிட ஆளிருக்கிறது என்பது இரக்கம். தானே ஏறிவரச் சாய்தளம் இருக்கிறது என்பது உரிமை.

சான்பிரான்சிஸ்கோவிலே நூற்றுக்கு மேற்பட்டோர் காட்டியது இதைத்தான்: சட்டம் எழுதுவோர் மன்றத்தில் இருக்கலாம், அதற்கு உயிரூட்டுவோர் வீதியிலே இருக்கிறார்கள். ஊனமுற்றோர் தனியே போராடவும் வேண்டாம். தொழிலாளி தனியே நிற்கவும் வேண்டாம். லாரி கொடுத்த கையும் நாற்காலி உருட்டிய கையும் சேர்ந்தபோதுதான் கையொப்பம் விழுந்தது. இங்கே விழவேண்டிய கையொப்பங்கள் இன்னும் எத்தனையோ!