ஈரம் காய்வதற்குள்

சென்ற மாதம் ஒரு கல்லூரிக்குப் பேசப் போயிருந்தேன். நூலகத்துக்குப் போகும் வழியில் நீளமான ஒரு சுவர். புதிதாக மஞ்சள் அடித்திருந்தார்கள். பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. “இங்கேதான் சார் எங்க பிள்ளைங்க வரைஞ்ச படம் இருந்துச்சு” என்றார் கூட வந்த பேராசிரியை. தாவரவியல் மாணவிகள் ஊரைச் சுற்றி முளைக்கும் செடிகொடிகளை வேரோடும் விதையோடும் வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் ஊர்ப்பெயரையும் அறிவியல் பெயரையும் எழுதி வைத்திருந்தார்களாம். ஆய்வுக் குழு வருகிறது, சுவர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று மேலேயே அடித்துவிட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால், பிரஷ் எட்டாத மூலையில், ஒரு கொத்து ஆவாரம்பூ மட்டும் மிச்சமிருந்தது. அதைப் பார்த்த பிறகு மேடையேறிப் பேச மனசே வரவில்லை.

ஊர் திரும்பும் பேருந்தில், வங்காளத்தில் தாகூரின் சாந்திநிகேதனில் பார்த்த ஒரு சுவர் ஓவியத்தின் நினைவாகவே இருந்தது.

அங்கே இந்தி பவன் என்று ஒரு கட்டடம். இந்தி மொழியும் இலக்கியமும் படிக்கும் இடம். உள்கூடத்தில் நுழைந்து தலையை நிமிர்த்தினால் மூன்று சுவர்களின் மேல்பாதி முழுக்க மனிதர்கள். இடைக்காலத்து பக்திக் கவிகளும் அடியார்களும், அவர்களைச் சுற்றிய சாதாரண சனங்களும் ஓர் ஆறு ஓடுவதுபோல் சுவர் சுவராக நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள். நெசவாளி கபீர் இருக்கிறார், சூர்தாசர் இருக்கிறார், துளசிதாசர் இருக்கிறார். நம் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த இராமானுசரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். 1946-47இல் ஓவியர் வினோத் பிஹாரி முகர்ஜி வரைந்தது.

அவருக்குப் பிறவியிலிருந்தே ஒரு கண்ணில் பார்வை இல்லை. இன்னொரு கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. எதையும் மூக்கருகே வைத்துத்தான் பார்க்க முடியும். அப்படிப்பட்டவர், தள்ளி நின்று ஒரே பார்வையில் அளக்க முடியாத அவ்வளவு பெரிய சுவரை, முழு அளவில் மாதிரிப்படம் போட்டுப் பிரதியெடுக்காமல் நேராகவே வரைந்திருக்கிறார்.

அதுவும் எந்த முறையில்? சுண்ணாம்புச் சாந்து பூசி, அது ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டும் முறை. நம் பக்கத்துக் கொத்தனார்களிடம் கேட்டால் சுண்ணாம்பின் குணத்தைச் சொல்வார்கள். அது காயும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. ஈரத்தில் இறங்கிய வண்ணமும் அந்தக் கல்லுக்குள் சேர்ந்துவிடும், பசையே வேண்டாம். ஆனால் நேரம் குறைவு. இன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் இன்றைக்குச் சாந்து பூசலாம். கோடு தப்பினால் அழிக்க வழியில்லை. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டியதுதான். சாரத்தின்மேல் முகத்தைச் சுவரோடு ஒட்டி நின்று, காய்வதற்குள் முடிக்க வேண்டிய ஒரு முகத்தை அவர் எப்படி முடித்திருப்பார் என்று அந்தக் கூடத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன். கழுத்து வலித்ததே தவிர, அது பிடிபடவில்லை.

எதை வரைந்தார் என்பதையும் கவனிக்க வேண்டும். அப்போது இந்தி பவனில் பாடம் நடத்தியவர் ஹசாரி பிரசாத் துவிவேதி. கபீரைப் பற்றிய அவருடைய நூல் 1942இல் வந்தது. கீழே பெஞ்சில் எந்தக் கவிகளைப் பற்றிப் பாடம் நடந்ததோ, அவர்களே மேலே சுவரில் நடக்கிறார்கள். நம் கல்வி வளாகங்களில் பெரும்பாலும் காண்பது திறந்த புத்தகம், எரியும் பல்பு, உதிக்கும் சூரியன், பட்டத் தொப்பி. எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் படங்கள் அவை. அந்தக் கட்டடத்துக்குள் என்ன படிக்கிறார்கள் என்று அவற்றில் ஒன்றுகூடச் சொல்லாது. அதனால்தான் தினமும் கடந்து போகிற பிள்ளைகள்கூட நின்று பார்ப்பதில்லை.

சாரத்தில் வினோத் பிஹாரியோடு ஏறியவர்களில் ஒருவர் அவருடைய மாணவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றவர். படிப்பு தடைப்பட்டு, 1944இல் சாந்திநிகேதனின் கலைப் பள்ளியான கலா பவனுக்கு வந்தார். ஆசிரியருக்கு உதவியாகச் சுவர் முன்னால் நின்ற அந்தப் பையன், பிற்காலத்தில் அதே கலா பவனில் தானே ஆசிரியரானார். அங்கே ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களைக் கறுப்பு வெள்ளையில் மனிதரும் விலங்கும் மரமுமாக நிரப்பினார். வெயிலிலும் மழையிலும் அது சிதைந்துபோனபோது, 2009இல், 85 வயதில், மறுபடி சாரம் கட்டச் சொல்லி ஏறினார். பழையதற்கு மேல்பூச்சு பூசவில்லை, புதிதாகவே வரைந்தார். சுவர் ஓவியம் அழியக்கூடாது என்றில்லை. அழிந்தால் திரும்ப வரைய ஆள் இருக்க வேண்டும். அந்த ஆளை உருவாக்கியதும் இன்னொரு சுவர்தான்.

வினோத் பிஹாரிக்கு இந்தி பவன் ஓவியம் முடிந்து ஏறத்தாழ பத்தாண்டுகளில், ஒரு கண் அறுவைச் சிகிச்சைக்குப் பின், இருந்த பார்வையும் போய்விட்டது. அதோடு அவர் நின்றுவிடவில்லை. காகிதத்தை மடித்தும் வெட்டியும் விரலால் உருவங்களைக் கண்டுபிடித்தார். 1972இல் கலா பவன் சுவருக்குப் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சித்திரம் செய்தார். அவருடைய பழைய மாணவரான சத்யஜித் ராய், அந்த வேலையை ‘தி இன்னர் ஐ’ என்ற ஆவணப்படத்தில் பதிவு செய்திருக்கிறார். இருபது நிமிடப் படம்தான். கல்லூரிகளில் அவசியம் போட்டுக் காட்ட வேண்டும்.

அந்தப் பேராசிரியை போன வாரம் போன் செய்தார். மாணவிகள் தாங்கள் வரைந்த செடிகளின் மாதிரிப்படங்களை நோட்டில் பத்திரமாக வைத்திருக்கிறார்களாம். சுவர் கிடைத்தால் மறுபடி வரையத் தயார் என்கிறார்கள். கல்லூரி நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: அடுத்த முறை வண்ணம் அடிக்க ஆள் வரும்போது, நூலகத்துப் பக்கம் ஒரே ஒரு சுவரை விட்டு வையுங்கள். சாரத்தையும் பிரிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.